செத்தவனுக்கு வெள்ளி விழா

பெண்டாட்டி ஒற்றைக்காலில் நின்றால் செத்தவனும் எழுந்து கோட்டு மாட்டுவான். துப்பறியும் கார்ஸ்டனின் கையில் அன்றைக்கு இருந்த துப்பு இது ஒன்றுதான். இதை நம்பித்தான் அந்த அறுபத்தோரு வயது மனிதர் ஹாம்பர்க்கிலிருந்து ஒன்றரை மணி நேரம், வீப்கேயின் மூன்று சக்கர வண்டியில் முதுகெலும்பு கழன்று வந்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, மே ஏழு, சனிக்கிழமை. மறுநாள் அன்னையர் தினம். ப்ரூக்வேடல் ஊரின் ஒரே பூக்கடையில், வருஷம் முழுக்க அம்மாவை எட்டிப் பார்க்காதவனெல்லாம் வரிசை கட்டி நின்றான். கார்ஸ்டன் கடை வாசலில் ஒதுங்கி, தலையில் தொப்பியோடு, வழக்கம்போல எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எவனையும் முகம் பார்த்து எடை போடுவதில்லை. முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். ஷூவைக் கழுவினால் தெரிந்துவிடும்.

வீப்கே உள்ளே முண்டியடித்துப் போனாள். ஐம்பது வயது, பூசணிக்காய் உடம்பு, கழுத்தில் கேமரா. கல்யாணப் படம் எடுப்பது அவள் தொழில். கார்ஸ்டனுக்கு உதவுவது பொழுதுபோக்கு.

"ஏம்மா, இன்னிக்கு ஊர்ல வெள்ளி விழா யாருக்கு? தலைக்கு வெள்ளி வளையம் வாங்கினது யாரு? சொன்னீன்னா எனக்கு நாலு படம் விக்கும்."

"ரெண்டு பெட்டி போச்சு" என்றாள் பூக்கடைக்காரி மெட்டா, ரோஜாவைக் கட்டிக்கொண்டே. "ஒண்ணு பேக்கரிக்காரர் வீட்டுக்கு. இன்னொண்ணு உனக்கு ஆகாது. ஒட்டிலி அம்மா வாங்கிட்டுப் போனாங்க. பாவம், விதவை. புருஷன் இருந்திருந்தா இன்னிக்கு இருபத்தஞ்சு வருஷம். கல்லறையில வைக்கன்னு சொன்னாங்க."

"வளையம் மட்டுமா?"

"பெட்டி பெட்டியாத்தான் வரும். பொண்டாட்டி தலைக்கு வளையம், புருஷன் கோட்டுக்கு வெள்ளிக் கொத்து. பிரிச்சு விக்க மாட்டேன்."

வீப்கே வெளியே வந்து கண்ணடித்தாள். "பெருசு, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். வாங்கியிருக்கா."

கார்ஸ்டன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நாளும் இல்லை அது.

சங்கதி இதுதான். ஆல்வின் ரேடெகாஸ்ட் என்பவன் யுத்த காலத்தில் மோர்க்ரூண்ட் செங்கல் சூளை முகாமுக்கு இரண்டாவது பெரிய அதிகாரி. அதிகாரி போகிற வழியில் கைதி தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். துறைமுகச் சுவரில் அரசை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டிய குற்றத்துக்காக கார்ஸ்டனும் அவர் தம்பி எக்கர்ட்டும் அங்கே கைதிகள். நாற்பத்து நான்கு பிப்ரவரியில், எக்கர்ட்டின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தொப்பி கழற்ற மூன்று நொடி தாமதம். ரேடெகாஸ்ட் அவனைக் களிமண் குழித் தண்ணீரில் நிற்க வைத்தான். சாயங்காலம் வரை நின்றான். அப்புறம் நிற்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் ரேடெகாஸ்ட் காணாமல் போனான். கிழக்குப் போர்முனையில் செத்தான் என்று பெண்டாட்டி ஒட்டிலி சொன்னாள், கோர்ட்டும் முத்திரை குத்தியது. முத்திரை குத்தக் கோர்ட்டுக்கு எப்போதும் கை நிறைய மை. கார்ஸ்டன் நம்பவில்லை. அவர் எதைத்தான் நம்பினார்?

"இது கொலை இல்லை, கொலையாகாத மரணம்" என்று மாவட்ட அரசு வக்கீல் போன வாரம் சொல்லியிருந்தார். "அதுக்கு யுத்தம் முடிஞ்ச நாள்லேர்ந்து பதினஞ்சு வருஷக் கெடு. மே எட்டு ராத்திரியோட முடியுது. செத்தவன் மேல வழக்குப் போட முடியாது. உயிரோட ஒரு ஆளைக் காட்டுங்க. சனிக்கிழமை ஆறு மணிவரை நீதிபதி கையெழுத்துப் போடுவார். ஆறு மணிக்கு மேல அவர் மீன் பிடிக்கப் போயிடுவார். சரி, அவன் முகம் அடையாளம் தெரியுமா உங்களுக்கு?"

அங்கேதான் சிக்கல். பதினெட்டு மாதம் கார்ஸ்டன் பார்த்தது ரேடெகாஸ்டின் பூட்ஸை. முகத்தைப் பார்த்தவன் அடுத்த நாள் இருக்கவில்லை. பழைய கோப்பில் இருந்த கல்யாண விண்ணப்பத்திலும் போட்டோவைக் கிழித்திருந்தார்கள், பசைத் தடம் மட்டும் மிச்சம். ஆனால் கல்யாணத் தேதியைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். மே ஏழு, முப்பத்தைந்து. கெடு முடிய ஒரு நாள் முன்னால்!

"ஒரு நாள் தள்ளி விழா வச்சா அவன் தப்பிச்சான்" என்றாள் வீப்கே.

"வைக்க மாட்டா. நாளைத் தள்ளினா தாலி தங்காதுன்னு நினைக்கிற ஜாதி இது. நீதான் நூறு கல்யாணம் பார்த்தவளாச்சே."

"நூத்தி எழுபது. அதுல மூணு என்னோடது."

கல்லறைத் தோட்டத்துக்கு கார்ஸ்டன் தனியாகப் போனார். அங்கே வந்தால் தனக்கு வாய் ஓயாது, செத்தவர்களுக்குச் சங்கடம் என்று வீப்கே வண்டியிலேயே இருந்துவிட்டாள்.

கல் நன்றாகத்தான் இருந்தது. ஆல்வின் ரேடெகாஸ்ட், 1907 – 1945. மேலே வெள்ளித் தகட்டு இலைகளால் ஆன வளையம் பளபளவென்று கிடந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒருவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பருமனான ஆசாமி. முழு வழுக்கை. கழுத்து வரை பச்சை ஏப்ரன், கையில் தோல் உறை. ஏப்ரன் மேல் 'டோர்ன், தோட்டம்' என்று பட்டை.

"யாரைத் தேடறீங்க, பெரியவரே?" குரல் வெண்ணெயாக இருந்தது.

"இவரைத்தான். காணாமப் போன சிப்பாய்ங்களுக்குப் பட்டியல் போடறேன். உள்ளே இருக்காரா?"

"உள்ளே ஒண்ணுமில்ல. வெறும் கல்லு. உடம்பு கிழக்கே எங்கேயோ மண்ணாப் போச்சு."

"அப்போ தண்ணி யாருக்கு ஊத்தறீங்க?"

"செடிக்கு" என்று டோர்ன் சிரித்தான். "செடிக்குத் தெரியுமா கீழே ஆளு இல்லைன்னு?"

"வளையம் இருக்கு. ஜோடியா ஒரு கொத்தும் வருமே, அதைக் காணோம்?"

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்."

கார்ஸ்டன் பாப்லர் மரங்களை அண்ணாந்து பார்த்தார். சும்மாவே நடுங்குகிற மரம் அது. ஒரு இலை அசையவில்லை.

டோர்ன் குரலைத் தாழ்த்தினான். "பெரியவரே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்த அம்மா வீட்டுல ஒரு மாமா இருக்கார். ஸ்க்ரோபெக்னு பேரு. மாமான்னா எந்த மாமான்னு உங்களுக்கே தெரியும். கொத்து எங்கே போச்சுன்னு அங்கே கேளுங்க."

அவனுக்குத் தெரிந்ததும், ஊருக்கே தெரிந்ததும் ஒன்றுதான். விதவை மறுபடி கல்யாணம் செய்தால் பென்ஷன் போய்விடும். அதனால் யுத்தத்துக்குப் பிறகு தெருவுக்கு நான்கு வீட்டில், கல்யாணமில்லாமல் கூடவே வாழ ஒரு மாமா முளைத்திருந்தார். கார்ஸ்டன் நன்றி சொன்னார். போகும்போது கண் கீழே போயிற்று. மண் ஒட்டிய ஏப்ரனுக்குக் கீழே கறுப்பு ஷூ, முகம் பார்க்கிற மெருகு. சர்ச்சுக்குப் போகிற ஷூ. அரை நாள் வேலை, பிறகு எங்கேயோ விருந்து போல என்று நினைத்துக்கொண்டு நடந்தார். புத்திசாலிக்கும் ஒரு நாளைக்கு ஒரு முட்டாள்தனம் அளந்து வைத்திருக்கிறது.

வண்டியில் ஏறியதும் கேட்டார். "வீப்கே, வளையம் யாருக்கு?"

"பொண்டாட்டிக்கு."

"கொத்து?"

"புருஷனுக்கு. என்ன பெருசு, பரீட்சை வைக்கறீங்களா?"

"பொண்டாட்டி உயிரோட இருக்கா. அவ வளையத்தை வீட்டுல வச்சுக்கணும். புருஷன் செத்துட்டான். அவன் கொத்தைக் கல்லு மேல வைக்கணும். இவ வளையத்தைக் கல்லுல வச்சுட்டு, கொத்தை வீட்டுல வச்சிருக்கா."

வீப்கே யோசித்தாள். "அப்போ செத்தது அந்தம்மாவா?"

"செத்தவன் கோட்டுல பூ குத்திட்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கான். ஓட்டு வண்டியை."

லிண்டன் சந்து, பதினொன்றாம் எண். இங்கேயும் கார்ஸ்டன் தனியாகவே கதவைத் தட்டினார். வெண்ணெய்க் கேக் வாசனை தெரு வரை வந்தது. அந்தப் பக்கங்களில் கேக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கும் அதே வெண்ணெய்க் கேக்தான், கருமாதிக்கும் அதேதான். சாப்பிடுகிறவன் முகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கதவைத் திறந்தது மாமா ஸ்க்ரோபெக். வீட்டுச் செருப்பு ஒன்று. இன்னொரு கால் மரக்கட்டை.

"இது எப்போ போச்சு?" என்று கார்ஸ்டன் காலைக் காட்டினார்.

"பதினாறுல, முதல் யுத்தத்துல, வெர்டன்ல. திருப்பிக் கொண்டுவந்திருக்கீங்களா?"

ரேடெகாஸ்டின் பூட்ஸ் இரண்டு. இரண்டிலும் கால் இருந்தது. கார்ஸ்டனின் விலா எலும்பு சாட்சி சொல்லும். மாமா வெறும் மாமாதான், அந்த அம்மா ஊருக்குக் காட்டிக்கொள்ள வைத்திருக்கிற மாமா.

ஸ்க்ரோபெக்கின் தோளுக்கு மேலே நீள மேஜை தெரிந்தது. முப்பது கோப்பைக்குக் குறையாது.

"என்ன விசேஷம்?"

"நினைவு நாள்" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். ஒட்டிலி ரேடெகாஸ்ட். அன்று காலையில்தான் சுருட்டின தலைமுடி, கன்னத்தில் பவுடர். "துக்கத்துல இருக்கிற வீடு. போயிட்டு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. கதவு நிலையில் இரண்டு பக்கமும் நெற்றியிலும் புதுசாக மூன்று ஆணி. துரு இல்லை. கார்ஸ்டன் அதையும் பார்த்தார், பார்த்ததோடு சரி.

மணி இரண்டரை. வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, வீப்கே ஊறுகாய் மீன் வைத்த ரொட்டியை நீட்டினாள். அவர் தொடவில்லை.

"போச்சு" என்றார். "ஆறு மணிக்கு அந்த நீதிபதி தூண்டிலை எடுத்துட்டுக் கிளம்பிடுவான். எக்கர்ட்டோட கோப்பைக் கட்டிப் பரண்ல போட்டுடுவாங்க. அந்தக் களிமண் குழியில அவன் நின்னது நாளைக்கு ராத்திரியோட சட்டப்படி நடக்காததாயிடும்."

வீப்கே அவருக்கு நீட்டின ரொட்டியைத் தானே கடித்தாள்.

"வேற என்ன பார்த்தீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணுமில்லாததையும் சொல்லுங்க."

"முப்பது கோப்பை. கதவு நிலையில புது ஆணி மூணு."

ரொட்டி வீப்கேயின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "மூணா? ரெண்டு பக்கம் ஒண்ணு ஒண்ணு, மேலே ஒண்ணு?"

"ஆமா."

"அட என் வெள்ளைப் பூண்டே! பெருசு, அது மாலை மாட்டுற ஆணி. வெள்ளி விழான்னா அக்கம்பக்கம் பச்சை இலையில மாலை கட்டி, வெள்ளிக் காகித ரோஜா வச்சு, இருபத்தஞ்சுன்னு எழுதி வாசல்ல மாட்டணும். மாட்டலைன்னா ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நினைவு நாளுக்கு எவனும் ஆணி அடிக்க மாட்டான்."

"அப்போ அக்கம்பக்கத்துக்கு..."

"தெரியும். சந்து மொத்தத்துக்கும் தெரியும். உங்களுக்கும் எனக்கும் கோர்ட்டுக்கும்தான் அவன் செத்தவன்."

அப்போதுதான் கார்ஸ்டனின் தலைக்குள் ஒரு ஷூ நடந்து வந்தது. மெருகு போட்ட கறுப்பு ஷூ. மண்ணுக்கு நடுவில்.

"சர்ச் ஷூ" என்றார் மெதுவாக. "வீப்கே, அவன் தன் கல்லறைக்குத் தானே தண்ணி ஊத்திட்டிருந்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, சந்துக்குள் ஒரு சைக்கிள் திரும்பியது. வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது. டோர்ன். ஏப்ரனைக் காணோம், கறுப்புக் கோட்டு. கோட்டின் மார்பில் வெள்ளிக் கொத்து. சைக்கிள் கைப்பிடியில், கல்லறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது வெள்ளி வளையம்.

மூன்று மணி அடித்ததும் பதினொன்றாம் எண் வீட்டுக்கு எதிரேயும் பக்கத்திலும் கதவுகள் திறந்தன. ஆணும் பெண்ணுமாக மாலையைத் தோளில் தூக்கி வந்தார்கள், மலைப்பாம்பு பிடித்தவர்கள் மாதிரி. ஏணி வந்தது. கோதுமைச் சாராயப் பாட்டில் வந்தது. மாலை ஏறியது. நடுவில் வெள்ளிக் காகிதத்தில் பெரிதாக 25. பாட்டும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்க வண்டியிலேயே இருங்க" என்று வீப்கே கேமரா முக்காலியைத் தூக்கினாள். "உங்களை அவங்களுக்குத் தெரியும். என்னைத் தெரியாது."

"போட்டோவுக்கு நிப்பானா அவன்? பைத்தியமா?"

"அவன் நிக்க மாட்டான். அவ நிக்க வைப்பா."

வண்டியின் அழுக்குக் கண்ணாடி வழியாக கார்ஸ்டன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பாதி இறங்கியிருந்ததால் பேச்சும் காதில் விழுந்தது.

"வாழ்த்துகள், வாழ்த்துகள்! படம் எடுக்க வந்திருக்கேன். பூக்கடையில சொன்னாங்க."

"யாரு சொல்லிவிட்டது?" டோர்னின் வெண்ணெய்க் குரல் கொஞ்சம் கெட்டியானது.

"அதைச் சொல்லக் கூடாதாம், ஐயா. பரிசாம்."

அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொருவனும் அடுத்தவன்தான் ஏற்பாடு செய்தான் என்று நினைத்தான். நான் செய்யவில்லை என்று சொல்லிக் கஞ்சன் பட்டம் வாங்க எவனுக்கும் மனசில்லை.

"படமெல்லாம் வேணாம்" என்றான் டோர்ன்.

ஒட்டிலி இடுப்பில் கை வைத்தாள். தலையில் வளையம். ஓர் இலையில் கல்லறைப் பாசி இன்னும் ஒட்டியிருந்தது.

"வேணாமா? பதினஞ்சு வருஷமா உங்களுக்குக் கல்லறை வச்சு அழுதேன். ஊர் முன்னால கட்டக்காலனை மாமான்னு கூப்பிட்டேன். ஒரு படம், ஒரே ஒரு படம், அதுக்கு வேணாமா? நாளையோட எல்லாம் முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நில்லுங்க மாப்பிள்ளை!" என்று கூட்டம் கத்தியது. அவன் கையில் இன்னொரு கோப்பைச் சாராயத்தைத் திணித்தார்கள். குடித்தான். தோளைக் குலுக்கினான். மாலைக்குக் கீழே போய் நின்றான்.

அக்கம்பக்கத்தாரை நிற்க வைப்பதுதான் பாடாகிவிட்டது. ஒருவன் உட்கார்ந்தான், ஒருத்தி தலைமுடி சரிசெய்யப் போனாள், இரண்டு பேர் பாட்டை நிறுத்தவில்லை. வீப்கே வேண்டுமென்றே திணறினாளா, நிஜமாகத் திணறினாளா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

"ஐயா, நீங்கதான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தணும். என் பேச்சை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

சாராயம் ஏறின முகத்தோடு டோர்ன் ஒரு அடி முன்னால் வந்தான். கையை இரண்டு தரம் தட்டினான்.

"அஞ்சஞ்சு பேரா! உயரப்படி! ஒட்டி நில்லு! வாயை மூடு! ஒண்ணு, ரெண்டு, மூணு..."

வெண்ணெய் உருகிப்போய் உள்ளே இருந்த கத்தி வெளியே வந்தது. சந்தில் ஒரு குருவி கூடச் சத்தம் போடவில்லை. இருபத்து மூன்று பேரும் ஐந்தைந்தாக வரிசையில் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றோம் என்று தெரியாமலே.

வண்டிக்குள் கார்ஸ்டனின் வலது கை தானாக எழுந்தது. தொப்பியைப் பிடித்தது. தலை தானாகக் குனிந்தது. பதினாறு வருஷமாகியும் கை மறக்கவில்லை, நாய்க்குப் பழக்கின மாதிரி. தொப்பி தலையைவிட்டு ஓர் அங்குலம் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் காது வரை இழுத்து விட்டார். தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, பொண்ணு பக்கம் சாயுங்க" என்றாள் வீப்கே. "எல்லாரும் சிரிங்க. ஆ, ரொம்ப அழகு."

கிளிக்.

ஐந்து மணி நாற்பதுக்கு அரசு வக்கீலின் மேஜையில் ஈரம் காயாத படம் கிடந்தது. வீப்கே ஒரு தெரிந்தவளின் குளியலறையில் அதைக் கழுவியிருந்தாள்.

"அழகான படம்" என்றார் வக்கீல். "இந்த ஆள் ரேடெகாஸ்ட்தான்னு யார் சாட்சி? உங்களுக்குத்தான் முகம் தெரியாதே."

"பின்னாடி அஞ்சஞ்சா நிக்கறாங்களே, அந்த இருபத்து மூணு பேரும்" என்றார் கார்ஸ்டன். "தலைக்கு மேலே இருபத்தஞ்சு தொங்குது. அந்த அம்மா கல்யாணம் பண்ணினது ஒரே தடவை, தேதி உங்க கோப்புல இருக்கு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. யாருக்கு வெள்ளி விழாக் கொண்டாடினீங்க? தோட்டக்காரனுக்குன்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்."

வக்கீல் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். சுவர்க் கடிகாரம் ஐந்து ஐம்பத்து மூன்று காட்டியது. கதவு இடுக்கில் தூண்டில் ஒன்று சாத்தி வைத்திருந்தது தெரிந்தது. பேனா கிறுக்குகிற சத்தம் கேட்கும்வரை கார்ஸ்டன் மூச்சு விட்டதாக வீப்கேக்கு நினைவில்லை.

ஏழு மணிக்கு, வெயில் இன்னும் சாய்ந்து அடித்துக்கொண்டிருக்கையில், லிண்டன் சந்துக்குள் மாவட்டப் போலீஸ் வண்டி நுழைந்தது. உள்ளூர்ப் போலீஸ்காரரை யாரும் கூப்பிடவில்லை. படத்தில் மூன்றாம் வரிசையில், இடமிருந்து இரண்டாவதாக நின்றது அவர்தான். சேதி எப்படியோ முந்திக்கொண்டு வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஏணியில் ஏறி, 25-ஐப் பிய்த்து ஏப்ரனுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா இறங்குங்கம்மா, விழுந்துடப்போறீங்க" என்றாள் வீப்கே. "படம் எடுத்தாச்சு."

உள்ளே மேஜையில் கேக் பாதி மிச்சம். ஒட்டிலி வளையத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். மாமா ஸ்க்ரோபெக் மட்டும் கவலையில்லாமல் தின்றுகொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ரேடெகாஸ்ட் எழுந்து நின்றான். கோட்டில் வெள்ளிக் கொத்து இன்னும் இருந்தது.

கார்ஸ்டன் அவனுக்கு நேராகப் போய் நின்றார். ஷூவைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். சாதாரண முகம். கொஞ்சம் வியர்த்திருந்தது. உதட்டோரம் சர்க்கரை. இந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்றா பதினெட்டு மாதம் பயந்தோம் என்றிருந்தது அவருக்கு.

ரேடெகாஸ்ட் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"விசேஷ வீட்டுக்குள்ள வந்திருக்கே. தொப்பியைக் கழட்டு."

கார்ஸ்டன் மூன்று நொடி காத்திருந்தார். எண்ணித்தான் காத்திருந்தார். பிறகு இன்னும் மூன்று.

தொப்பி இருந்த இடத்திலேயே இருந்தது.